சக்கை டாக்டர் போட்ட வட்டம்

சக்கை டாக்டர் எங்கள் வீட்டைக் கொள்ளையடிப்பதற்காகத்தான் கேட் தூணில் கரியால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நான் ஒன்றரை நாள் முழுமனதோடு நம்பினேன். இதில் விசேஷம் என்னவென்றால், அந்த வட்டத்தின் உண்மையான அர்த்தம் எனக்குத் தெரியும். அவரே சொல்லித் தந்திருக்கிறார். வட்டம் என்றால் கொள்ளை என்ற பொய் யாருடையது என்பதும் தெரியும். கட்டிவிட்டவன் நான்தான். உண்மையும் கையில் இருந்தது, சொந்தப் பொய்யும் கையில் இருந்தது. ஐம்பத்திரண்டு வயசுக்காரன் நிதானமாக யோசித்துப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பலாப்பழம் என்பதை எங்கள் பக்கம் சக்கை என்போம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் காய்க்கிற அத்தனை சக்கைகளும் உலகத்தில் ஒரே ஒரு மனிதரிடம்தான் மனம்விட்டுப் பேசும். மற்றவர்களிடம் முள்ளைக் காட்டிக்கொண்டு சும்மா தொங்கும்.

அவர் நாங்குநேரிப் பக்கத்து வியாபாரி. அறுபது வயசு இருக்கும். மாசி பிறந்தால் பஸ் ஏறி எல்லை தாண்டி, கேரளத்துக்குள் இருக்கிற எங்கள் ஊர் கொல்லயிலுக்கு வந்து, எங்கள் இடவழிச் சந்து முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குவார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருப்பார். மேல்சட்டை மரத்துக்கு, உள்சட்டை பஸ்சுக்கு. சக்கைப் பால் ஒட்டாமல் இருக்க இரண்டு கையிலும் முழங்கைவரை தேங்காய் எண்ணெய். இடது காதில் ஒரு கரித்துண்டு செருகியிருக்கும். வலது காது சக்கைக்கு.

விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவார். பிறகு காதை வைப்பார். அந்த நேரத்தில் அந்த வளவுக்குள் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. ஒருமுறை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். போதகர் ஐயா கண்ணை மூடி, நம் தேசத்தை முடித்து அயல்தேசங்களுக்காக வேண்டத் தொடங்கியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மரத்தடியிலிருந்து டாக்டர் தலையை நீட்டினார்.

"ஐயா, செத்த நேரம் நிறுத்துதீங்களா? உள்ள சொள பேசுதது கேக்க மாட்டேங்கு."

அவருடைய ஊழிய காலத்தில் யாரும் நிறுத்தியிராத ஜெபம் நின்றது. வீடே உறைந்தது. மூன்று தட்டு கேட்டது.

"பதினோரு நாள்" என்று வெளியிலிருந்து தீர்ப்பு வந்தது.

"ஆமென்" என்றாள் பழக்கதோஷத்தில் ஒரு மாமி.

பதினோராம் நாள் வெட்டினோம். சுளை பொன் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு போதகர் ஐயாவே தன் வீட்டு மரத்தைக் காட்ட டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

பக்கத்து வீட்டுச் சுகுமாரனின் மரத்தையும் அவர் பார்த்தார். சுகு என் கூட்டாளி; தினமும் என்னோடு ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன். அவன் மரம் வரிக்கை என்பதில், அதாவது கெட்டிச் சுளை ஜாதி என்பதில், அவனுக்கு அவ்வளவு பெருமை. டாக்டர் தட்டினார், கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது கூழை."

"எனக்க அப்பன் நட்ட மரமாக்கும் ஓய். வரிக்கைன்னு அப்பன் சொல்லித்தான் செத்தாரு."

"நான் மரத்துகிட்டதான் கேட்டேன் அண்ணாச்சி. அப்பாட்ட கேக்கலை."

ரோஷத்தில் சுகு அப்போதே வெட்டினான். சுளை கஞ்சி மாதிரி வழிந்து முற்றத்தில் ஓடியது. மூன்று நாள் ஈ மொய்த்தது. ஒரு மாதம் சுகு அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரிடம் போன் கிடையாது. வைத்துப் பார்த்தாராம். "எண்ணெக் கைக்கு அது வழங்கலை அண்ணாச்சி. நான் மகளைக் கூப்புட்டா அது வேற எவனையோ கூப்புடுது. அவன் என்னைய ஏசுதான்." நோட்டுப் புத்தகமும் சக்கைப் பாலில் ஒட்டிப்போகும். ஆகவே கேட் தூண்தான் அவருடைய நோட்டு. வட்டம் போட்டால் இந்த வீட்டில் வரிக்கை உண்டு. பக்கத்தில் எத்தனை கோடோ, அத்தனை வாரம் பொறுக்க வேண்டும். பெருக்கல் குறி போட்டால் கூழை, ஏறி நேரத்தை வீணாக்க வேண்டாம். இவ்வளவுதான் ரகசியம். இதை அவர் என் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

இனி என்னைப் பற்றி. இது கொஞ்சம் கூச்சமான பகுதி.

சின்ன வயசில் சோறு தின்ன மறுத்தால் என் அம்மா சொல்வாள்: "தின்னு மக்கா. இல்லேன்னா பாண்டிக்காரன் வந்து சாக்குல போட்டுக்கொண்டு போவான்." இதை அவள் சொன்னது தமிழில். பாண்டிக்காரன் என்றால் ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே உள்ள தமிழன். வீட்டில் தமிழில் ஜெபித்து, தமிழில் ஏசி, தமிழில் தூங்கிய நாங்கள், இன்னொரு தமிழனைச் சாக்குக்குள் வைத்துத்தான் சோறு தின்று வளர்ந்தோம். பிறகு மலையாளப் பள்ளிக்கூடம் போனேன். அங்கே வாயைத் திறந்த முதல் நாளே பெஞ்சில் இருந்தவன் என்னைப் "பாண்டி" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

பாண்டி என்ற பெயரிலிருந்து தப்பிக்க ஒரு வழியைச் சீக்கிரமே கண்டுபிடித்தேன். நம்மைவிடக் கிழக்கே ஒருவனைப் பிடித்து, அவனைப் போல் பேசிக் காட்டினால் போதும். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாம் சிரிக்கிறவர்களின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். நாற்பது வருஷமாக அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலை ரயிலில் எங்கள் பெட்டியில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் யாராவது சொல்வார்கள்: "சேட்டா, ஆ பாண்டியெ ஒண்ணு எடுக்கு." அந்தப் பாண்டியை ஒரு தடவை பேசிக் காட்டு என்று அர்த்தம். நான் எடுப்பேன். கடந்த மூன்று வருஷமாக என் பாண்டிக்கு இரண்டு சட்டை, எண்ணெய்க் கை, காதில் கரி. "ஏ அண்ணாச்சீ" என்று நான் இழுத்தால் பெட்டி குலுங்கும்.

சுகு மட்டும் ஒருநாள் கேட்டான்: "எலே, அவருக்கும் நமக்கும் என்னலே வித்தியாசம்?"

"நாம கப்பையும் மீனும் தின்னுவோம்லா" என்றேன். கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. அதற்கும் சிரித்தார்கள்.

இந்த வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து சுகுவோடு கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். தூணில் வட்டமும் இரண்டு கோடும். முந்தின வாரம் டாக்டர் போட்டது. எனக்குள் இருந்த குரங்கு எழுந்தது. போனை எடுத்தேன். ஏதோ ஒரு ஸ்டேஷன் எஸ்.ஐ. மாதிரி தொண்டையைக் கனத்து, சுத்த மலையாளத்தில் ஒரு வாய்ஸ் போட்டேன். எல்லை கடந்து ஒரு பாண்டித் திருட்டுக் கூட்டம் இறங்கியிருக்கிறது. வட்டம் போட்டால் அந்த வீட்டில் கொள்ளை உறுதி. கோடு எத்தனையோ, வீட்டில் அத்தனை பேர். பெருக்கல் குறி போட்டால் இந்த வீட்டில் ஒன்றுமில்லை, வேண்டாம். கடைசியில், "ஆரும் பேடிக்கண்டா, நான் இவிடெ உண்டு", அதாவது யாரும் பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன் என்று அதிகாரத் தோரணையில் ஓர் இருமல்.

ரயில் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். பதினேழு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. எண்ணிப் பார்த்தேன். கலைஞனுக்கு அதுதானே சாப்பாடு. பிறகு மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன். என் மனைவி ஜெசி கையில் போனோடு நிற்கிறாள்.

"இஞ்சேருங்க, சர்ச் பெண்கள் ஐக்கியக் குழுவுல வந்தது. இதக் கேளுங்க."

அதில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். யார் என்று தெரியாது. அவளுடைய நாத்தனார் வீட்டில் வட்டம் போட்டிருந்ததாம். ஆள் கறுப்பாக இருப்பானாம், தமிழ் பேசுவானாம். கையில் எண்ணெய் பூசியிருப்பானாம், பிடித்தால் வழுக்குவதற்கு. இரண்டு சட்டை போட்டிருப்பானாம், ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஆளாக ஓடுவதற்கு.

என் பொய்தான். ஆனால் அடையாளம் தெரியவில்லை. நான் அரைக்கால் சட்டையோடு அனுப்பிய பிள்ளை, கோட்டும் சூட்டும் போட்டுத் திரும்பி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் வாய்ஸில் எண்ணெயைப் பற்றிச் சொல்லவே இல்லை. சட்டையைப் பற்றியும் சொல்லவில்லை. அதெல்லாம் ரயிலில் நான் எடுத்த பாண்டியிலிருந்து யாரோ சேர்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: 'இவ்வளவு பேர் சொல்கிறார்கள் என்றால், நான் சும்மா அடித்துவிட்டது தற்செயலாக உண்மையாகிவிட்டது போலிருக்கிறதே!'

"நம்ம கேட்டுலயும் உண்டு" என்றாள் ஜெசி. "அவரு சக்கைக்குப் போடுததுதானே?"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வட்டம். இரண்டு கோடு. எங்கள் ஒரே மகள் பெங்களூரில் நர்ஸ். வீட்டில் நானும் ஜெசியும் சரியாக இரண்டு பேர். திரும்ப உள்ளே ஓடினேன்.

"மூணு வருஷமா நோட்டம் பாத்திருக்கான் ஜெசி! தட்டித் தட்டிப் பாத்தது சக்கையை இல்ல, நம்மளை!"

"ஒங்களுக்கு என்ன, பிராந்து பிடிச்சிருக்கா?"

நான் அதற்குள் பாத்திரம் தேய்க்கிற சோப்பை எடுத்து வந்து தூணைத் தேய்க்க ஆரம்பித்திருந்தேன். வட்டம் போனதும் அடுப்புக்கரியால் அந்த இடத்தில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டேன். என் சொந்தச் சட்டப்படி, இந்த வீட்டில் ஒன்றுமில்லை, வேண்டாம். பிறகு கதவைப் பூட்டி, அலமாரியை அதன்மேல் சாய்த்து, வெட்டுகத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மணி அஞ்சரை ஆக்கும்" என்றாள் ஜெசி. "பாலுக்காரி வருவா. அலமாரிய எடுங்க."

மறுநாள் லீவு போட்டேன். இடவழியில் இறங்கிப் பார்த்தால், நான் ஒருவன்தான் அறிவாளி என்றில்லை. வாய்ஸ் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. வீடு வீடாக வட்டங்களை அழித்துப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். சுகு பெயின்டிலேயே போட்டிருந்தான். அவன் என் பக்கத்தில் நிற்கும்போதுதான் நான் அந்த வாய்ஸைப் பதிவு செய்தேன். "நீ அன்னைக்குத் தமாசுக்குச் சொன்னேல்லா மக்கா," என்றான் அவன் குரலைத் தாழ்த்தி, "அது நெசமாக்கும்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார்.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தேன். அவர் இடவழியின் முதல் கேட்டைப் பார்த்தார். நின்றார். அடுத்த கேட்டுக்குப் போனார். அடுத்தது. எதிர்ப்பக்கம் போனார், திரும்ப வந்தார். இரண்டு வாரத்தில் கொல்லயிலின் வரிக்கை மரமெல்லாம் கூழையாகியிருந்தது. அதிலும் ஒரு குறிகூட அவர் கையெழுத்தில் இல்லை. என் கேட்டுக்கு வந்து, குனிந்து, மூக்கு முட்டுகிற தூரத்தில் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்து உள்ளே வந்து, என் மரத்தில் கீழே தொங்கிய சக்கையை மூன்று தட்டு தட்டினார். காதை வைத்தார். தலையை அசைத்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

அப்படியே காதை வைத்திருக்கும்போதுதான் அக்கம்பக்கத்தார் வந்து பிடித்தார்கள்.

பத்து நிமிஷத்தில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் அவருக்குச் சக்கை கொடுத்தவர்கள். மீதிப் பேர் பைக்கில் போகிறபோது கூட்டத்தைப் பார்த்து நிறுத்தியவர்கள்.

"போன் எவிடெ? போனைக் காட்டு!"

"போனு இல்லை அண்ணாச்சி."

"இந்தக் காலத்துல போன் இல்லாத்த ஆளு உண்டாலே? ஒளிச்சு வச்சிருக்கான்!"

"கையப் பாரு, எண்ணெ!"

"ரெண்டு சட்டை! வாய்ஸ்ல சொன்னது சரிதான்!"

"நாட்டுக்குக் காவலு இருக்கேன்னு எஸ்.ஐ. சொன்னாருல்லா, அவரைக் கூப்பிடு!"

அந்த எஸ்.ஐ. மடியில் வெட்டுகத்தியோடு திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்.

துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்து டாக்டரை என் மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கயிற்றின் ஒரு முனை சுகுவின் கையில் இருந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். திரை அசைந்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி! நீங்க சொல்லுங்க அண்ணாச்சி!"

பைக்கில் வந்தவன் ஒருவன் திரும்பி என்னைக் கேட்டான்: "சேட்டா, இவனெ அறியுமோ?"

இரண்டு வார்த்தை போதும். 'அறியும். சக்கைக்காரர்.' எனக்கு வாய்க்கு எப்போதும் பஞ்சமில்லை. மூன்று வருஷமாக அவருடைய வார்த்தைகளை வைத்தே பிழைத்தவன்.

"கண்டிட்டுண்டு," என்றேன் மலையாளத்தில். "பேரறியில்லா."

பொய் ஒன்றுமில்லை. பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது. மூன்று வருஷத்தில் நான் கேட்டதில்லை.

பைக்காரன் திரும்பி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டான். வலது காதோடு சேர்த்து விழுந்தது.

பின்வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஜெசி அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடிவந்தாள். கையில் சோப்பு நுரையோடு நேரே கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"எதுக்கு இவரை அடிக்கியோ? எங்க சக்கையை எடுக்க வாற ஆளாக்கும் இது!"

"அக்கா, உங்களுக்குத் தெரியாது. போலீஸ் வாய்ஸ் உண்டு." பைக்காரன் போனை நீட்டினான். அழுகிற பெண் இல்லை. அவனிடம் இருந்தது முதல் வாய்ஸ், என் அசல். எல்லைகடந்த திருட்டுக் கூட்டம், வட்டம், கோடு, ஆரும் பேடிக்கண்டா, கடைசியில் அந்த இருமல்.

ஜெசி முழுதாகக் கேட்டாள். அவள் முகம் மாறுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக அந்த இருமலோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"இது போலீசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றாள். "இது எனக்க வீட்டுக்காரரு." ஜன்னலைக் கையால் காட்டினாள்.

நாற்பது தலைகள் திரும்பின. நான் வெளியே வந்தேன். பதற்றத்தில் வெட்டுகத்தியைக் கீழே வைக்க மறந்துவிட்டேன். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிறகுதான் நடக்கக் கூடாதது நடந்தது. யாரோ சிரித்தார்கள். அடுத்தவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எலே, நீயாலே! சும்மா சொல்லப்புடாது, போலீசு மாதிரியே இருந்து!"

"சூப்பர், சேட்டா!" என்றான் பைக்காரன். அறைந்த அதே கையால் என் முதுகில் தட்டினான்.

என் வாழ்நாளில் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். மரத்தோடு கட்டியிருந்தவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. சுகு முடிச்சை அவிழ்த்தான். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: "எங்கிலும் ஒண்ணு சூட்சிக்கணும். ஆளு பாண்டியல்லே." எதற்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆள் பாண்டிதானே என்று அர்த்தம். யாரும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெசி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்னிடம், "கொண்டு விட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசியது அந்த ஒரு வரிதான்.

ஸ்கூட்டரில் களியிக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போனேன். வழியில் பின்னாலிருந்து அவரே பேச்சை எடுத்தார்.

"ஒங்க மரம் நல்ல வரிக்கை அண்ணாச்சி. பெருக்கலைப் பாத்ததும் பதறிட்டேன். எனக்குத்தான் காது போயிட்டோன்னு. தட்டிப் பாத்தேன், சரியாத்தான் கேட்டுச்சு. பொறவு எப்படின்னுதான் தெரியலை."

கட்டி வைத்திருந்த நேரமெல்லாம் அவருக்கு இருந்த பயம் அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கல் நான் போட்டது. வாய்ஸ் நான் பேசியது. ரயிலில் மூன்று வருஷமாக அவரை வைத்துத்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ஜன்னலில் தெரியாது என்று சொன்னதற்கு மட்டும் விளக்கம் சொல்ல முடியவில்லை. அது அவர் காதால் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். வலது கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது.

"அப்படியே என்னைய மாதிரி பேசுவீங்களோ?"

தலையாட்டினேன்.

"ஒருதரம் பேசிக் காட்டுங்க. நான் கேட்டதில்லைல்லா."

கிண்டலாகக் கேட்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காத்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். நாற்பது வருஷமாக வந்த குரல் அன்று வரவில்லை. 'அண்ணாச்சி' என்ற ஒரு சொல்லைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. நாகர்கோவில் பஸ் வந்தது. மேல்சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார், ஏறினார், ஜன்னலோரமாக உட்கார்ந்தார், பஸ் போய்விட்டது.

அதன் பிறகு இந்த சீசனில் அவர் வரவில்லை. வேறு வியாபாரிகள் இரண்டு பேர் வந்து மரத்தைக் கேட்டார்கள். இந்த மரத்துக்கு ஆள் உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.